மாசியா, பங்குனியா, சித்திரையா: கிருஷ்ணகிரியிலிருந்து நீண்ட சைக்கிள் பயணத்துக்கு நாள் குறித்தல்

2027ஆம் ஆண்டுக்கு மூன்று தேதிகளை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பிப்ரவரி 26 வெள்ளி முதல் 28 ஞாயிறு வரை. மார்ச் 26 முதல் 28 வரை. அந்த வெள்ளி புனித வெள்ளி, விடுமுறை. ஏப்ரல் 14 புதன், சித்திரை ஒன்று. அன்றிலிருந்து ஞாயிறு வரை நீட்டிக்கொள்ளலாம். மாசி, பங்குனி, சித்திரை என்று மாதத்துக்கு ஒன்று. இவற்றில் ஒன்றில் நாங்கள் மூன்று பேர் கிருஷ்ணகிரியிலிருந்து சைக்கிளில் கிளம்பி 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். எந்தத் தேதி, எந்தப் பாதை என்று இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். யோசித்ததை எழுதிவைத்தால் இந்தப் பக்கத்திலிருந்து கிளம்ப நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

மூன்று பேருக்கும் மூன்று விதமான கட்டு. தருமபுரியில் ஆசிரியராக இருக்கும் நண்பருக்கு மார்ச் பிறந்தால் பொதுத்தேர்வு வேலை, அது முடிந்தால் விடைத்தாள் திருத்தம். எங்களில் இளையவர் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். காய் வரத்து ஆரம்பித்துவிட்டால் அவருக்கு ராத்திரி, பகல் கிடையாது. சித்திரை பாதிக்கு மேல் அவரைக் கூப்பிடவே முடியாது. நான் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். மார்ச் கடைசி வாரம் எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லீவு மட்டும்தான் கணக்கு என்றால் பிப்ரவரி என்று அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் இளையவருக்கு அஞ்செட்டிக் காட்டுப் பாதை மேல் ஆசை. ஆசிரியருக்கு மேட்டூரிலிருந்து காவிரியோடு பூம்புகார் வரை போக வேண்டும் என்பது பல வருடத்து ஆசை. எனக்குத் தென்பெண்ணை. பாதைக்குத் தக்கபடி நாள் மாறும், நாளுக்குத் தக்கபடி பாதை மாறும். அதனால் இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டியதாயிற்று.

இளவேனில் என்றால் ஏட்டுக் கணக்கில் சித்திரையும் வைகாசியும். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். கத்திரி வெயிலோ மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகிறது. அது முழுக்க ஏட்டு இளவேனிலுக்குள் விழுந்துவிடுகிறது. சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இளவேனில் கிடைப்பது பனி விலகுவதற்கும் வெயில் ஏறுவதற்கும் நடுவில் வரும் ஐந்தாறு வாரத்தில்தான். அந்த ஐந்தாறு வாரமும் ஊருக்கு ஊர் முன்பின்னாக வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஒகேனக்கல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 250 மீட்டர், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 450, 500 என்ற அளவில், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 900. ஆக ஒரே பங்குனி நாளில் தேன்கனிக்கோட்டையில் மாசி மிச்சமிருக்கும். ஒகேனக்கல்லில் இறங்கினால் சித்திரை வந்து நிற்கும்.

வெப்பநிலை அட்டவணையைப் பார்த்து முடிவெடுப்பதை நான் விட்டுவிட்டேன். அதில் போட்டிருக்கும் அதிகபட்ச வெப்பம் பிற்பகல் மூன்று மணி வாக்கில் பதிவாவது. அந்த நேரத்தில் நாங்கள் எங்காவது ஒரு லாட்ஜில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருப்போம். எனக்கு வேண்டியது வேறொரு எண்: ஒரு நாளில் உடம்பு கெடாமல் எத்தனை மணி நேரம் மிதிக்கலாம்? பிப்ரவரி கடைசியில் கிருஷ்ணகிரியில் சூரியன் உதிக்க 6.35 ஆகும். விளக்கைப் போட்டுக்கொண்டு 5 மணிக்குக் கிளம்பினால் 11 மணிவரை தாங்கும். ஆறு மணி நேரம். மார்ச் 26 வாக்கில் விடியல் 6.20க்கு வந்துவிடும், 4.45க்குக் கிளம்பினால் சமவெளியில் 9.45க்கு மேல் தார் கொதிக்க ஆரம்பிக்கும். ஐந்து மணி நேரம். சித்திரை ஒன்றில் 6.05க்கே வெளிச்சம், 4.30க்குக் கிளம்பி 9 மணிக்கு நிறுத்த வேண்டும். இது எங்கள் மூன்று பேர் உடம்புக்கு, பல பயணங்களில் பார்த்துவைத்த எல்லை. இளவட்டங்கள் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம்.

சாமான் கட்டிய சைக்கிளில் நின்று டீ குடித்து, தண்ணீர் நிரப்பி, சராசரியாக மணிக்கு 17, 18 கிலோமீட்டர் போவோம். மாசியில் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டலாம், பங்குனியில் 85, சித்திரையில் 75. மூன்றே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் இந்த வித்தியாசமே போதும், பாதையைத் தீர்மானித்துவிடும்.

இந்த எல்லையை நான் ஏன் இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பங்குனியில் தருமபுரியிலிருந்து பென்னாகரம், பெரும்பாலை, மேச்சேரி வழியாக மேட்டூர் போனோம். ஏழு மணிக்குத்தான் கிளம்பினோம். பதினொன்றரை இருக்கும், மரமே இல்லாத ஒரு மேட்டில் கூட வந்த நண்பர் சைக்கிளை நிறுத்திவிட்டு, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பேச்சு குழறியது. வெயிலில் பேச்சோ நினைவோ தடுமாறினால் அது வெறும் களைப்பில்லை, உயிருக்கு ஆபத்தான நிலை. பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. தொட்டித் தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை ஊற்றி, துண்டால் விசிறி, உடம்பைக் குளிர வைத்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தோப்புக்காரர் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். நண்பர் இரண்டு நாளில் தேறினார். அன்று எங்களிடம் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் குடித்திருந்தோம். உப்புதான் இல்லை. வெயிலில் மிதிக்கும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கும். அதோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அன்றிலிருந்து இரண்டு பாட்டிலில் ஒன்றில் எப்போதும் உப்புக் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வழியில் நீர்மோர் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

இனி பாதைகள். நான்கு வழிச்சாலையிலேயே நேராகக் கன்னியாகுமரி போய்விடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தேசிய நெடுஞ்சாலை 44 எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இருட்டில் சைக்கிள் விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புளியமரங்கள் போன பிறகு அந்தச் சாலையில் நிழல் என்று ஒன்று இல்லை. அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

காவிரிப் பாதை ஆசிரியருடையது. தருமபுரி, பென்னாகரம், மேட்டூர், பவானி, ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், பூம்புகார். நானூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். மேட்டூரைத் தாண்டினால் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் சாப்பாடு, தங்க இடம், பக்கத்திலேயே ரயில். பாதையாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் செழிப்பானது. நாகமரைத் துறையில் படகேறி அணையின் நீர்ப்பரப்பைக் கடந்து பண்ணவாடியில் இறங்கலாம் என்று அவர் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். நீர் நன்றாக இறங்கிய வருடங்களில் அங்கே மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும்.

இதற்குத் தடை நாள்தான். பங்குனியில் இந்தப் பாதை தமிழ்நாட்டிலேயே கடுமையாகக் காயும் பட்டைக்குள் நுழைகிறது. கோடையில் வானிலைச் செய்தியைக் கேட்டவர்களுக்கு ஈரோடு, கரூர் பரமத்தி, திருச்சி என்ற பெயர்கள் பழக்கம். அப்படியானால் மாசியில் போகலாமே என்றால், ஐந்து நாள் வேண்டும். மூன்று பேருக்கும் சேர்த்துக் கிடைப்பது மூன்று நாள். அது போக, மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரை வழக்கமாக ஜனவரி 28இல் நிறுத்திவிடுகிறார்கள். மாசிக் கடைசியில் தஞ்சைப் பக்கம் வாய்க்கால்கள் காய்ந்து, சம்பா அறுவடை முடிந்து, சாலையில் பாதியை நெல்லும் வைக்கோலும் பிடித்திருக்கும். பின்சக்கரப் பல்லில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் கியர் மாறாது, நின்று நின்று பிரித்தெடுக்க வேண்டும். நுங்கும் நுரையுமாக ஆற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர் மாசியில் போய் மணலைப் பார்த்துவிட்டு வருவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இந்தப் பயணத்துக்கு உரிய நாள் தை முதல் பாதி. தண்ணீரும் ஓடும், வெயிலும் அடங்கியிருக்கும், பொங்கல் விடுமுறையும் சேரும். அவரிடம் அப்படியே சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் ஒத்துக்கொண்டார்.

மேட்டுநிலச் சுற்று இளையவருடையது. இதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம், கொஞ்சம் சத்தமாகவும் பேசினோம். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை. அங்கிருந்து மலைச்சாலையில் இறங்கி அஞ்செட்டி. பிறகு காட்டுக்குள் நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல், மேலே ஏறிப் பென்னாகரம், தருமபுரி, மறுபடி கிருஷ்ணகிரி. சுற்றி வர சுமார் 230 கிலோமீட்டர். மேலே குளிர்ச்சியாக இருக்கும், ஆகவே பங்குனிக்கு இதுதான் சரி என்பது அவர் கட்சி. புனித வெள்ளி வாரத்துக்கு இந்தப் பாதையைத்தான் எழுதி வைத்திருந்தோம்.

முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். குளிர்ந்த மணிகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் மாறினேன். அஞ்செட்டி முதல் ஒகேனக்கல் வரை யானை நடமாடும் காடு. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டது இந்தக் காடுகளைச் சேர்த்துத்தான். கோடையில் மேலே குட்டைகள் வற்ற வற்ற யானைகள் தண்ணீரைத் தேடி ஆற்றுப் பக்கம் இறங்கும். அவை சாலையைக் கடப்பது பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும். மோட்டார் வண்டிக்குச் சத்தம் உண்டு, வேகம் உண்டு. சைக்கிள் ஓசையில்லாமல் போய் முன்னால் நிற்கும். யானைக்கும் திடுக், நமக்கும் திடுக். ஆகவே காட்டுப் பகுதியில் நன்றாக வெயில் வந்த பிறகே நுழைய வேண்டும், ஏழு மணிக்கு முன் கூடவே கூடாது. சோதனைச்சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

பங்குனி வெயிலுக்கு இருக்கும் ஒரே மருந்து இருட்டோடு கிளம்புவது. அந்த மருந்தை இந்தக் காடு நமக்குக் கொடுக்காது. ஏழிலிருந்து பத்து வரை மூன்று மணி நேரம்தான் மிஞ்சும். அதிலும் தேன்கனிக்கோட்டையின் குளிர்ச்சியை விட்டுவிட்டு, வெயில் ஏற ஏற நாமே கீழே, வெப்பத்துக்குள் இறங்கிக்கொண்டிருப்போம். காடு என்றால் நிழல் இருக்கும் என்பார்கள். இது இலையுதிர் காடும் முட்காடும். மாசி பிறந்தாலே இலையைக் கொட்டிவிட்டுக் கிளைகளோடு நிற்கும். புரசு பூத்துக் காடே நெருப்புப் பிடித்த மாதிரி இருக்கும். பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் அதன் அடியில் ஒதுங்க ஒரு கை அகலம் நிழல் கிடைக்காது. கடைகளும் அரிது, ஆளுக்கு மூன்று லிட்டர் சுமக்க வேண்டும்.

ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரம் ஏறும் 15, 16 கிலோமீட்டரும் கடினம். ஏற்றத்தில் மணிக்கு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முகத்தில் காற்றே படாது. சமவெளியில் நம்மைக் காப்பாற்றுவது நாமே உண்டாக்கிக்கொள்ளும் அந்தக் காற்றுதான். பின்னாலிருந்து காற்று அடித்தால் இன்னும் மோசம்: அதுவும் நாமும் ஒரே வேகத்தில் போவோம், வியர்வை காயாமல் சொட்டும். இறக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி இறங்கும்போது ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்று பலரும் பயப்படுகிறார்கள். 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனாலும் உள்ளே அழுத்தம் ஏறுவது நூற்றுக்கு ஏழு பங்குதான். பயப்பட வேண்டியது பிரேக் சூட்டுக்கு. விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், நடுவில் இரண்டு இடத்தில் நின்று இறங்க வேண்டும்.

சித்திரைக்கு வந்தால் இந்தச் சுற்றிலேயே காட்டை விட்டுவிட்டு மேட்டுநிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ராயக்கோட்டை, கெலமங்கலம், தளி, ஓசூர். தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்வார்கள். சித்திரையில் அது கொஞ்சம் கூடுதல் புகழ்ச்சிதான், ஆனால் விடியற்காலையில் தருமபுரியிலிருந்து போகிறவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். சித்திரையில் எனக்குப் பிடித்தவை நிறைய. புங்கன் புதுத் தளிர் விட்டுச் சாலையோரம் குடை பிடிக்கும். சரக்கொன்றை தொங்கும். நுங்கு வண்டி நிற்கும். காவேரிப்பட்டணம் சுற்றி மாந்தோப்புகளில் கிளை தரையைத் தொடும். சித்திரையின் கஷ்டம் ராத்திரியில்தான் இருக்கிறது. சமவெளி லாட்ஜ் அறையில் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடியும்வரை விட்டுக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் 4.30க்கு எழுவது வெறும் பேச்சு.

கோடை மழையும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் மேகம் திரளும், முதலில் சூறைக்காற்று, பிறகு இடி, சில நாள் ஆலங்கட்டி. மா, வாழை வைத்திருப்பவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பார்க்கும் நேரம் அது. சைக்கிள்காரர்களுக்கு மழையை விட மின்னல்தான் கவலை. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தனிப் புளியமரத்தடியில் ஒதுங்குவது கூடாது. மாலை சவாரி என்பதையே சித்திரையில் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது.

மிச்சம் தென்பெண்ணை. இதை நான் ஆசைப்பட்ட பாதை என்பதால் அதிகமாகவே சந்தேகப்பட்டுப் பார்த்தேன். நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூரில் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, பிறகு சாத்தனூர் அணை என்று நிரம்பி நிரம்பி, திருக்கோவிலூரைத் தொட்டுக் கடலூருக்குப் பக்கத்தில் தாழங்குடாவில் கடலோடு சேரும் ஆறு. நாங்கள் தினமும் பார்க்கும் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று சைக்கிளிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர், பண்ருட்டி, கடலூர். சுமார் 220 கிலோமீட்டர். 500 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டம் வரை மெதுவாக இறங்கிக்கொண்டே போகும் பாதை. சாலை ஆற்றை ஒட்டியே போவதில்லை. அங்கங்கே பாலத்தில் சந்தித்துக்கொள்ளும். கரையோரச் சின்னச் சாலைகளில் புகுந்து போக ஆசைப்படுகிறவர்கள் ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆற்று வெள்ளம் அந்தப் பக்கத்துப் பாலங்களையும் சாலைகளையும் எப்படிப் புரட்டியது என்பதை நேரில் பார்த்தவன் நான்.

இந்தப் பாதையில் இருட்டோடு கிளம்புவதற்கு எந்தத் தடையும் இல்லை. யானை இல்லை, இருபது கிலோமீட்டருக்குள் ஒரு டீக்கடை வந்துவிடும். அதனால் மாசி தரும் ஆறு மணி நேரத்தையும் முழுதாக எடுத்துக்கொள்ளலாம். குறைகளும் இருக்கின்றன. முதல் குறை பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. ஐந்து மணிக்கு அணைப் பக்கம் விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. காதுக்குத் துணியும் கைக்கு உறையும் வேண்டும், ஊத்தங்கரையில் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். பனிமூட்டம் இருந்தால் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றுக்கு இரண்டாக எரிய வேண்டும், ஒளி திருப்பும் மேல்சட்டையும் கட்டாயம்.

இரண்டாவது குறை காற்று, இதுதான் பெரியது. மாசியில் பகல் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். நாங்களோ கிழக்கே போகிறோம். காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதே வேகத்தில் போக உடம்பு எதிர்க்க வேண்டிய காற்றுத் தடை மூன்று மடங்காகிவிடும். இறக்கப் பாதை தரும் சலுகையெல்லாம் அதில் கரைந்துபோகும். கடலூரை நெருங்கினால் முற்பகல் முடியும் நேரத்தில் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். நல்ல வேளையாக, விடியலுக்கு முன்னும் பின்னும் காற்று அடங்கியிருக்கும். சூடு ஏறினால்தான் கிளம்பும். அதாவது வெயிலும் எதிர்க்காற்றும் ஒரே நேரத்தில்தான் வருகின்றன. வெயிலுக்காகச் சீக்கிரம் கிளம்பினால் காற்றுக்கும் சேர்த்துத் தப்பித்துவிடலாம். இது புரிந்த அன்றுதான் எனக்கு இந்தப் பாதை மேல் நம்பிக்கை வந்தது.

இதே பாதையைப் பங்குனியில் போனால்? ஒரு நாளைக்கு 85 என்ற கணக்கில் மூன்று நாளில் போய்விடலாம்தான். புளி உலுக்கி, சாலையோரம் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வாசனைக்காகவே போகலாம். ஆனால் பண்ருட்டிக்குக் கிழக்கே வெப்பத்தோடு புழுக்கமும் சேரும், வியர்வை ஆறாது. அதோடு மார்ச் 22 பௌர்ணமி, பங்குனி உத்திரம் எல்லாம் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம், என்னுடைய வருடக் கடைசிக் கணக்கு. பங்குனியை விட்டுவிடலாம் என்பதில் மூன்று பேருக்கும் இப்போது ஒரே எண்ணம்.

பௌர்ணமி என்றதும் ஒன்று. திருவண்ணாமலை வழியாகப் போகிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் நாள் குறிக்கக் கூடாது. கிரிவல நாளில் அறையும் கிடைக்காது, சாலையும் கிடைக்காது. 2027இல் மாசிப் பௌர்ணமி பிப்ரவரி 20, சனிக்கிழமை. ஒரு வாரம் கழித்து நாங்கள் போகும்போது ஊர் ஓய்ந்திருக்கும். அதை விட ஒரு நன்மை, தேய்பிறை. வளர்பிறை நிலா விடியலுக்கு முன்பே மறைந்துவிடும். தேய்பிறை நிலா நடுநிசி வாக்கில் எழுந்து விடியும்போது உச்சியில் நிற்கும். 26ஆம் தேதி காலை ஐந்து மணிக்குப் பாதியை விடப் பெரிய நிலா தலைக்கு மேல் இருக்கும். சாலைக் குழி, நாய், ஓரத்தில் நிற்கும் டிராக்டர் எல்லாம் விளக்கு வெளிச்சம் தொடுவதற்கு முன்பே நிழலாகத் தெரியும். மார்ச் 6 மகாசிவராத்திரி, அதையடுத்து அமாவாசையில் காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைத் திருவிழா. அதற்கெல்லாம் முன்பே திரும்பிவிடலாம்.

ஆக, பிப்ரவரி 26, தென்பெண்ணை. முதல் நாள் கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, 105 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்துக்குள் முடிவது இறுக்கமான கணக்கு; வெயில் முந்திக்கொண்டால் செங்கத்திலேயே நின்றுவிடுவோம், அங்கே 70 கிலோமீட்டர் ஆகியிருக்கும். இரண்டாம் நாள் திருக்கோவிலூரில் காலைச் சாப்பாடு, ஆற்றில் கால் நனைக்க அரை மணி, பண்ருட்டியில் தங்கல். மூன்றாம் நாள் கடலூர் 25 கிலோமீட்டர் சொச்சம்தான், காற்று எழும் முன் தாழங்குடா போய்விடலாம். திரும்பி வர ரயிலை நம்ப முடியாது; கிருஷ்ணகிரிக்கு ரயிலே இல்லை. சைக்கிள்களின் முன்சக்கரத்தைக் கழற்றிக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி மூன்று பேரும் வாடகையைப் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. ஆசிரியருக்கு வெள்ளி ஒரு நாள்தான் லீவு போகும், திங்கள் காலை பள்ளியில் இருப்பார்.

சாமான் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இந்தப் பாதையில் சாலையோரமெல்லாம் சீமைக்கருவேல். வெயிலில் காய்ந்த முள் டயரைத் துளைத்துக்கொண்டு போகும்போது உங்களுக்குத் தெரியாது, கால் மணி கழித்துத்தான் காற்று இறங்கும். டீ குடிக்கக்கூட மண் ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள். ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒட்டுப் பொட்டலம், பம்பு. மாற்று ட்யூப் போடும் முன் டயரின் உள்பக்கம் விரலால் தடவி முள் நுனியை எடுத்துவிடுங்கள். அதை எடுக்காமல் போட்டால் அடுத்த ட்யூபும் போச்சு.

இளையவருக்கு மட்டும் மனத்தாங்கல் இருந்தது. போன ஞாயிறு போச்சம்பள்ளிச் சந்தையில் பார்த்தபோது காட்டுப் பாதைக் கணக்கை மறுபடி நோட்டில் போட்டுக் காட்டினேன். நாட்றாம்பாளையம் வரைக்கும் விரலால் கூடவே வந்தவர், ஏழு மணி என்ற இடத்தில் நின்றார். “சரிங்கணா, கடலுக்கே போலாம். ஆனா மாங்கா முடிஞ்சதும் ஆடியில எனக்குத் தளி வேணும்” என்றார். கொடுத்துவிட்டேன். தை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை 4.45க்குக் கிளம்பி ஊத்தங்கரை வரை போய்த் திரும்பிப் பார்ப்பதாகப் பேச்சு. அந்த இருட்டில் மத்தூர் வரைக்குமான சாலையில் எந்தெந்த இடத்தில் குழி என்று குறித்துவர ஆசிரியர் ஒரு சின்ன நோட்டு வாங்கி வைத்திருக்கிறார்.